கூடாரமும் ஒரு வீடுதானாம்

அன்பு மகனுக்கு,

செங்கலடிச் சந்தியில் புதிதாக நட்டிருக்கிறார்கள் என்று சொல்லி நீ அனுப்பிய இராணுவத்துப் பலகையின் படத்தை போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். முதலில் அந்த இளைஞனின் முகம். பிறகு அவனுடைய சட்டைப் பொத்தான்கள். அவனுக்குப் பின்னால் கொடி, கொடிக்குப் பின்னால் வயல். அது நம்முடைய பக்கத்து வயல் இல்லை, வரம்புகள் மிகவும் நேராக இருக்கின்றன. கடைசியாகத்தான் எழுத்துக்கு வந்தேன். ‘நாட்டின் மானம் உன் தோளில். வா, இணைந்துகொள்.’ தமிழில் ஒரு பிழைகூட இல்லை. எனக்கு முதல் சந்தேகம் அங்கேதான் வந்தது. நம்முடைய பஸ் நிலையத்திலும் ஆஸ்பத்திரியிலும் தொங்குகிற பலகைகளில் தமிழ் எந்த நிலையில் இருக்கிறது என்பது உனக்குத் தெரியும். மருந்து கொடுக்கும் யன்னலுக்கு மேலே ‘மருத்து’ என்று எழுதி எத்தனையோ வருடமாகிறது, ஒருவரும் மாற்றவில்லை. ஆள் எடுப்பதற்கென்று வரும்போது மட்டும் யாரோ உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்திருக்கிறார்.

படத்துக்குக் கீழே நீ எழுதியிருந்தாய்: ‘நேர்முகத்துக்குப் பேர் குடுத்திட்டன். கத்தாதீங்க அம்மா.’ நான் கத்தவில்லை. உனக்கு போன் எடுத்தேன்.

“அம்மா, இது அந்தக் காலம் இல்ல. இப்ப சண்டையா நடக்குது?”

“சண்டை இல்லாட்டி என்னத்துக்கு மனே ஆள் எடுக்கிறாங்க?”

“உங்களுக்கு எதெடுத்தாலும் சந்தேகம். பால்மாப் பைக்கட்டையும் திருப்பிப் பின்பக்கம் வாசிக்கிற ஆள்தானே நீங்க.”

“பின்பக்கத்திலதான் மனே உள்ளுக்க என்ன கிடக்கெண்டு எழுதியிருப்பாங்க.”

நீ சிரித்தாய். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு ஒன்று சொன்னாய். “சோதனைச்சாவடியில தமிழ் தெரிஞ்ச ஒருத்தன் நிண்டிருந்தா நீங்க எத்தின தரம் அழாம வீட்டுக்கு வந்திருப்பீங்க? நான் அந்த ஒருத்தனா நிக்கப்போறன்.” அடுப்பில் சோறு அடிப்பிடிக்கிறது என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். சோறு அடிப்பிடிக்கவில்லை. பதிலைத் தேடித்தான் இதை எழுதத் தொடங்கினேன். உனக்கு மட்டும் எழுதியிருக்கலாம். ஆனால் அந்தப் பலகையின் கீழ் நீ தனியே நின்று படம் எடுக்கவில்லை, உன் நண்பர்களும் நின்றிருக்கிறார்கள். அவர்களுக்கும் வீடுகளில் அம்மாக்கள் இருக்கிறார்கள். அதனால் இதை யாரும் வாசிக்கட்டும்.

நான் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் கண்ணில் படுவதையெல்லாம் வாசிக்கிறவளாக இருந்தேன். கொக்கட்டிச்சோலைக்குப் பக்கத்தில் நம்முடைய ஊரில் புத்தகங்கள் குறைவு. பசளைப் பையில் அச்சடித்திருப்பது, சங்கக் கடையில் சீனி சுற்றித் தரும் பழைய பேப்பர், கோயில் மணியில் வார்த்திருக்கும் உபயகாரரின் பெயர், எல்லாவற்றையும் வாசிப்பேன். அந்த வரிசையில்தான் சுவரொட்டிகளும் வந்தன. வாவிக்கு மேற்கே எங்கள் படுவான்கரை அப்போது அரசாங்கத்தோடு சண்டை பிடித்த இயக்கத்தின் கையில் இருந்தது. பள்ளிக்கூட மதில் முழுக்க அவர்களுடைய சுவரொட்டிகள்தான். மற்றப் பிள்ளைகள் படத்தைப் பார்த்தார்கள், நான் எழுத்துக்கூட்டினேன். ஒன்றில் ‘வீரம் விழையும் மண்’ என்று இருந்தது. விளைகிறது என்றுதான் சொல்ல வந்திருப்பார்கள். எனக்குக் கை அரித்தது. பேனையை எடுத்து ழகரத்தை வெட்டி ளகரம் போட்டுவிட்டு வகுப்புக்குப் போனேன். அதை யாராவது பார்த்திருப்பார்களோ என்று யோசிக்கிற புத்தி அன்றைக்கு எனக்கு இருக்கவில்லை.

அதே மதிலில் ஒரு காலத்தில் உன் பெரிய மாமாவின் முகமும் இருந்தது. என்னுடைய அண்ணன், சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் படமாகத் தொங்குகிறவன். மாடு அவிழ்க்கப் போகிறேன் என்று வயலுக்குப் போனவன் அப்படியே இயக்கத்தில் சேர்ந்துவிட்டான். வடக்கில் எங்கோ நடந்த சண்டையில் செத்தான். சுவரொட்டியில் அவனுடைய பெயருக்குக் கீழே ‘இம்மாவீரனைத் தேசத்துக்குக் கொடுத்த தாய்க்கு எமது வணக்கம்’ என்று போட்டிருந்தார்கள். அம்மாவுக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். என்னைக் கூட்டிக்கொண்டு போய், வாசி என்றார். வாசித்தேன். ‘கொடுத்த’ என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார்.

“ஆரு குடுத்த?”

“நீங்கதான் அம்மா.”

“நான் எங்க புள்ள குடுத்தன்? அவன் எனக்கிட்டச் சொல்லாமப் போனவன். குடுக்கிறதெண்டா கேட்டு வாங்கணும், நான் எடுத்துக் கையில குடுக்கணும். அவனென்ன ஒரு கொத்து நெல்லா?”

பக்கத்தில் நின்றவர்கள் பயந்து விலகினார்கள். அதன் பிறகு அம்மா அந்த மதில் பக்கமாக நடக்கவேயில்லை, கோயிலுக்குச் சுற்றுப் பாதையால்தான் போய் வந்தார்.

நான் சாதாரணதரப் பரீட்சை எழுதி முடித்த மார்கழியில் சுனாமிக் கடல் வந்தது. எங்கள் பக்கம் கடல் இல்லை. மண்முனைத் துறையில் அப்போது பாலமும் இல்லை. வாவியைக் கடக்க ‘பாதை’ என்று நாங்கள் சொல்லும் பெரிய மிதவைதான். ஆட்களையும் மாடுகளையும் மோட்டார்சைக்கிள்களையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு அது மெல்ல மெல்ல வரும். அன்றைக்கு அது ஆட்களை மட்டும் ஏற்றிக்கொண்டு வந்தது. கடற்கரை ஊர்ச் சனம். பல பெண்களுடைய உடுப்பைக் கடல் உரிந்துகொண்டு போயிருந்தது. ஒருத்தி யாரோ ஒரு ஆம்பிளையின் சாரத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, இறங்க வெட்கப்பட்டு மிதவையிலேயே குந்தியிருந்தாள். அம்மா வீட்டுக்கு ஓடினார். கொடியில் கிடந்தது, பெட்டியில் கிடந்தது, தன்னுடைய கூறைச்சேலை, எல்லாவற்றையும் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு வந்தார். முழங்கால் தண்ணீருக்குள் நின்றபடி ஒவ்வொருத்தியாகச் சுற்றிவிட்டார். “முதல்ல மானத்த மறைங்க புள்ள. மறுகா அழலாம்” என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னது என் காதில் விழுந்துகொண்டே இருந்தது. மானம், மதிலில் எத்தனையோ தரம் வாசித்த சொல்தான் அது. சேலையோடு சேர்த்து அம்மாவின் வாயிலிருந்து கேட்ட பிறகு, மதிலில் அதைப் பார்க்கும்போதெல்லாம் இவர்கள் யாருக்கு என்ன உடுக்கக் கொடுத்தார்கள் என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றியது.

வந்தவர்களைப் பள்ளிக்கூடத்தில் இருத்தினார்கள். பிறகு மைதானத்தில் கூடாரங்கள் அடித்தார்கள். என்னுடைய கையெழுத்து உருண்டையாக இருக்கும் என்பதால், காணாமற்போனவர்களுக்கு அறிவித்தல் எழுதும் வேலை எனக்கு வந்தது. ஒருவரிடமும் போட்டோ இல்லை, எல்லாம் கடலோடு போய்விட்டது. ஆகவே முகத்தைச் சொல்லால்தான் எழுதவேண்டும். மூக்கு எப்படி, காது எப்படி, என்ன நிறத்துச் சட்டை என்று கேட்டுக் கேட்டு எழுதுவேன். அப்படி எழுதும்போதுதான் வதனி எனக்குச் சிநேகிதி ஆனாள். என் வயதுதான். மிதவையில் சாரத்தோடு குந்தியிருந்தவளின் மகள். தகப்பனின் உடல் கிடைத்துவிட்டது. ஆறு வயதுத் தம்பி கிடைக்கவில்லை. அவனுக்காக நான் எழுதியதை வாங்கிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

“என்னகா இது, ‘மேற்படி சிறுவன்’ எண்டு? பொலிஸ் தேடுற கள்ளனா அவன்?”

“அப்பிடித்தான் எழுதுற வழமை.”

“வழமையத் தூக்கிக் குப்பையில போடு. இதை எழுது: பேரச் சொல்லிக் கூப்பிட்டாத் திரும்பமாட்டான். குட்டா எண்டு கூப்பிடணும்.”

அப்படியே எழுதினேன். ‘இடது புருவத்தில் தழும்பு உண்டு. சிவப்புப் பெனியன். குட்டா என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பான்.’ மதிலில் இருந்த பழைய சுவரொட்டிகளுக்கு மேல் அதை நாங்கள் இருவருமாகக் கோதுமைமாப் பசை காய்ச்சி ஒட்டினோம். வதனி தினமும் காலையில் முகம் கழுவியதும் அங்கே போவாள். யாராவது அதை வாசித்துக்கொண்டு நின்றால் பின்னால் போய் நிற்பாள், கண்டேன் என்று சொல்வார்களோ என்று.

சில கிழமைகள் போயிருக்கும். ஒரு காலை அங்கே போனபோது மதில் முழுக்கப் புதிய சுவரொட்டிகள். காணாமற்போனவர்களின் அறிவித்தல்களுக்கு மேலேயே ஒட்டியிருந்தார்கள். சிவப்பு எழுத்து, பசை இன்னும் காயவில்லை. ‘கடல் கொண்டது போக எஞ்சியது மானம். இனத்தின் மானம் காக்க வீட்டுக்கு ஒருவர் வாருங்கள்.’ வதனி ஒரு தேங்காய்ச் சிரட்டையை எடுத்துத் தண்ணீரில் தோய்த்து, தம்பியின் அறிவித்தல் இருந்த இடத்தை மட்டும் சுரண்டினாள். மானம் என்ற சொல் துண்டு துண்டாகக் கீழே விழுந்தது. உள்ளே இருந்த என் எழுத்துப் பாதி அழிந்து போய்விட்டது. ‘குட்டா என்று’ என்பது மட்டும் தெரிந்தது.

பத்து மணியளவில் மோட்டார்சைக்கிளில் அரசியல் அண்ணா வந்தார். ஊரில் இயக்கத்தின் அரசியல் வேலை பார்த்தவரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். சத்தம் போட்டுப் பேசாத மனிதர். மதிலைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

“ஆரு கிழிச்ச?”

“நான்தான். கீழ எண்ட தம்பி கிடக்கிறான்” என்றாள் வதனி.

அவர் குனிந்து மிச்ச எழுத்தை வாசித்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். “இது ஆருண்ட எழுத்து?” என்று கேட்டார். நான் கையைத் தூக்கினேன், வகுப்பில் தூக்குகிற மாதிரி. “அப்ப ழகரத்தத் திருத்தினதும் நீதானாக்கும்” என்று சிரித்தார். “கெட்டிக்காரி. அடுத்த மாசத்துக்கு நீ எழுதித் தா. எங்கட பொடியன்மாருக்குத் தமிழ் வராது.” உனக்கு உண்மையைச் சொல்கிறேன் மகனே, பயத்தோடு சேர்ந்து ஒரு சந்தோஷமும் எனக்கு வந்தது. என் எழுத்தை யாரும் அவ்வளவு கவனமாக வாசித்ததில்லை. இப்படியானவர்களுக்கு ஒருத்தருடைய எந்த இடத்தைத் தட்டிக்கொடுக்க வேண்டும் என்று நன்றாகத் தெரியும். அதனால்தான் சொல்கிறேன், உன்னைப் பாராட்டிக்கொண்டு வருகிறவனை இரண்டு தரம் பார்.

சந்தோஷத்தில் வாய் கொஞ்சம் நீண்டுவிட்டது. “அண்ணா, வீட்டுக்கு ஒருவர் எண்டு போட்டிருக்கு. எங்கட பக்கம் வீடு பொம்புளப் புள்ளைக்குத்தானே. ஆம்பிள கலியாணம் முடிச்சாப் பொண்டாட்டி வீட்டுக்குப் போயிருவான். அவன எந்த வீட்டில சேர்க்கிற, தாய் வீட்டிலயா, பொண்டாட்டி வீட்டிலயா?” என்று கேட்டேன். நம்முடைய ஊரில் அது பகிடி இல்லை. யார் எந்த வீட்டு ஆள் என்று தெரியாமல் கோயிலில் ஒரு பங்குகூடப் பிரிக்க முடியாது. அவர் கொஞ்சம் யோசித்தார். அவர் வெளியூர்க்காரர், இதை முன்னே யாரும் கேட்டிருக்கமாட்டார்கள் போலும். “அடுப்பு எங்க எரியுதோ அது வீடு” என்றார்.

“எங்களுக்கு வீடே இல்லையே. கூடாரந்தானே” என்றாள் வதனி, தப்பிவிட்டோம் என்கிற மாதிரி.

“கூடாரமும் ஒரு வீடுதான் தங்கச்சி” என்றார் அவர், மிகவும் அன்பாக. “எத்தின பேர் இருக்கிறீங்க?”

“நானும் அம்மாவும்.”

“சரி. யோசிச்சு வையுங்க. ரெண்டு கிழமையில வாறன்.”

கடல் நான்கு பேரை இரண்டாக்கிவிட்டுப் போன, சீலையால் அடித்த ஒரு வீட்டில், இரண்டில் ஒன்றைக் கேட்டார். அந்த மதிலில் ‘வீடு’ என்ற சொல்லை எத்தனையோ நாள் வாசித்திருக்கிறேன். ஓடும் மதிலும் கிணறும்தான் என் மனதில் வந்திருந்தன. சொல்லை எழுதியவர்கள் அதன் அளவைத் தங்கள் கையில் வைத்திருந்தார்கள் என்பது அன்றைக்குத்தான் விளங்கியது.

வீட்டுக்குப் போய் அழுதுகொண்டு சொன்னேன். அம்மா நெல் அவித்துக்கொண்டிருந்தார். “அடுப்பு எரியிற இடமெண்டா சொன்னவன்? அந்தச் சொல்லத் திருப்பிச் சொல்லு” என்றார். சொன்னேன். அகப்பையைப் போட்டுவிட்டு நேரே மைதானத்துக்குப் போனார். வதனியின் தாய் கூடாரத்துக்கு வெளியே மூன்று கல் வைத்துச் சமைத்துக்கொண்டிருந்தார். அம்மா ஒரு செம்புத் தண்ணீரை அடுப்பில் ஊற்றினார். “இண்டையில இருந்து உனக்கு அடுப்பு இல்ல. எழும்பி வா” என்றார். அந்தப் பெண்தான் நீ சின்னம்மா என்று கூப்பிடுகிறவர். முறைப்படி உனக்கு அவர் அம்மம்மா. நான் கூப்பிட்டதைக் கேட்டு நீயும் பழகிவிட்டாய். எனக்கும் அவருக்கும் இரத்த உறவு ஒன்றும் இல்லை என்று உனக்கு இதுவரை சொல்லாமல் விட்டதற்குக் காரணம், சொல்லவேண்டிய தேவை வராததுதான்.

சொன்னபடி அரசியல் அண்ணா வந்தார். கூடாரத்தில் ஆள் இல்லாததைக் கண்டு எங்கள் படலையடிக்கு வந்து மோட்டார்சைக்கிளை நிறுத்தினார். அம்மா வெளியே வந்தார்.

“அடுப்பு எரியிற இடம்தான் வீடெண்டு நீங்கதானே தம்பி சொன்ன? வந்து பாருங்க. எனக்கிட்ட ஒரு அடுப்புத்தான் எரியுது. அவங்க ரெண்டு பேரும் எண்ட வீட்டு ஆக்கள்.”

“அப்ப இந்த வீட்டில இருந்து ஒராள் வரணும் அம்மா.”

“வந்தாச்சே.” அம்மா உள்ளே போய் அண்ணனுடைய படத்தைக் கழற்றிக்கொண்டு வந்து அவருக்கு முன்னால் பிடித்தார். “இந்தா. நான் குடுத்தவள். நீங்களே மதில்ல எழுதி ஒட்டினீங்க, நான் குடுத்தவள் எண்டு. வீட்டுக்கு ஒண்டுதானே கணக்கு?”

அம்மா அந்தச் சொல்லைச் சொல்லும்போது அவருடைய வாய் கோணியதை நான் பார்த்தேன். கைப்பு மருந்தை விழுங்குகிறவரின் முகம். அரசியல் அண்ணா படத்தைப் பார்த்துக் கையைக் கும்பிடுவது போல வைத்துவிட்டுப் போய்விட்டார். அன்றைக்கு அம்மா சாப்பிடவில்லை. வதனிக்கு மட்டும் போட்டுக் கொடுத்து, அவள் சாப்பிட்டு முடியும்வரை பக்கத்தில் இருந்தார்.

இதோடு கதை முடிந்திருந்தால் நான் உனக்கு இவ்வளவு எழுதமாட்டேன். வதனி எங்கள் வீட்டில் ஒரு வருடத்துக்கு மேல் இருந்தாள். என் புத்தகங்களைத் தட்டிப் பகிடி பண்ணுவாள். “இவளுக்கு மாப்பிள பாக்கிற ஆக்கள் முதல்ல கண்ணாடிக் கடைக்குப் போகணும்” என்பாள். அம்மாவை அம்மா என்றே கூப்பிட்டாள். கடையிலும் கிணற்றடியிலும் மட்டும் அவளைக் கண்டதும் கதை நிற்கும். பக்கத்துக் கூடாரங்களில் இருந்து பிள்ளைகள் போயிருந்தார்கள். ‘நீ மட்டும் எப்பிடி மகள் தப்பின?’ என்று ஒருத்தி முகத்துக்கு நேரேயே கேட்டாள். திரும்பவும் சண்டை தொடங்கப்போகிறது என்ற கதை அடிபட்ட நாட்களில் எங்கள் வீட்டுக்கு எதிர் வேலியில் ஒரு சுவரொட்டி ஒட்டப்பட்டது. வேறு எந்த வேலியிலும் அது இல்லை, நான் நடந்து பார்த்தேன். ‘மாவீரரின் நிழலில் ஒளிந்திருப்போரே, உங்கள் மானம் எங்கே?’

அதில் ஒரு பெயரும் இல்லை, கட்டளையும் இல்லை. வா என்றுகூட இல்லை. வதனி வாசலில் நின்று அதை வாசித்தாள். வாசித்துவிட்டு உள்ளே வந்து தேங்காய் துருவினாள். இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. நான் எனக்குத் தெரிந்த நியாயமெல்லாம் சொன்னேன். இது ஒரு கேள்விகூட இல்லை, உன்னை ஏமாற்ற எழுதிய வாக்கியம் என்று இலக்கணம் பிரித்துக் காட்டினேன்.

“உனக்கு விளங்காது கா. உண்ட அண்ணண்ட பேரச் சொல்லி நான் சோறு தின்னுறன். நீ அவண்ட தங்கச்சி, உனக்குத் தொண்டையில இறங்கும். எனக்கு இறங்குதில்ல.”

“அம்மா மனசாரத்தானே போடுறா.”

“அதுதான் இறங்குதில்ல.”

மறுநாள் சின்னம்மாவும் அம்மாவும் வயல் வட்டையில் நெல் அருவி வெட்டப் போயிருந்தார்கள். நல்ல வெயில். நான் வகுப்பால் வந்து பார்த்தபோது அவளுடைய சீப்பும் மாற்று உடுப்பும் இல்லை. தெருவில் நின்றவர்கள் கண்டிருக்கிறார்கள். தானே நடந்து போனாளாம். யாரும் பக்கத்தில் இல்லையாம். கடைக்காரரிடம் ஒரு சோடாகூட வாங்கிக் குடித்தாளாம். சின்னம்மா வயலில் இருந்து வந்து கேட்டுவிட்டு அழவில்லை. போய் அந்த வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு வாசிக்க வராது. “இதில என்ன புள்ள எழுதியிருக்கு?” என்று என்னிடம் கேட்டார். நான் வாசித்துக் காட்டினேன். “இவ்வளவுதானா?” என்றார்.

பிறகு நடந்தவை உனக்குத் துண்டு துண்டாகத் தெரியும். பீரங்கிச் செல் விழத் தொடங்கியது, ஊரோடு வாவியைக் கடந்து ஓடினோம். அகதி முகாமில், இயக்கத்தில் இருந்து பிரிந்த வேறொரு குழுவின் சுவரொட்டிகள். நிறமும் சின்னமும் வேறு, நடுவில் அதே மானம்தான், இம்முறை கிழக்கின் மானம். எங்களை மீட்டுவிட்டதாக இராணுவம் கொடுத்த துண்டுப்பிரசுரத்திலும் கௌரவம் என்று இருந்தது. நான் எல்லாவற்றையும் வாசித்தேன், வேறு வேலை இல்லை. கலியாணம் முடித்த பெண்ணை எடுக்கமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் முகாமில் வைத்தே என்னை உன் அப்பாவுக்குக் கட்டிவைத்தார்கள். நல்ல மனிதராக அமைந்தது என் பாக்கியம். நீ பிறந்தாய். நீ தவழ்ந்த காலத்தில் வடக்கில் யுத்தம் முடிந்தது என்று வெடி கொளுத்தினார்கள். வதனி வன்னியில் இருக்கிறாள் என்று முன்பு ஒருமுறை வாய்ச்செய்தி வந்திருந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

சின்னம்மா அவளைத் தேடி அலுவலகம் அலுவலகமாகப் போனார். எழுதவும் வாசிக்கவும் நான் கூடப் போனேன், உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு. எல்லா இடத்திலும் ஒரே கேள்வி. ‘பிள்ளையைக் கூட்டிச் சென்றவர் யார்?’ மற்றத் தாய்மார் ஏதாவது சொன்னார்கள், ஒரு பெயர், ஒரு வாகனம், ஒரு உடுப்பின் நிறம். சின்னம்மா என் முகத்தைப் பார்ப்பார். பிறகு, “ஒருத்தரும் கூட்டிட்டுப் போகல்ல ஐயா. அவளாத்தான் போனவள்” என்பார். ஒரு அலுவலர், மரியாதையான மனிதர், பேனையை வைத்துவிட்டு, “அப்ப சுயமாத்தானே அம்மா போயிருக்கிறா. இதில நாங்க ஆரக் கேக்கிற?” என்றார். அவர் கேட்டதில் பிழை இல்லை. வேலியில் ஒட்டியவன் ஊரில் இல்லை, எழுதியவன் யார் என்று தெரியாது. அரசியல் அண்ணா உயிரோடு இருக்கிறாரா என்றே தெரியாது. ஒரு வாக்கியம் வந்து ஒரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறது, அதை எந்தக் கூண்டில் ஏற்றுவது?

இப்போது உனக்குச் சொல்லவேண்டிய பதிலுக்கு வருகிறேன். சோதனைச்சாவடியில் தமிழ் தெரிந்த ஒருவன் நிற்பது நல்லதுதான் என்று எனக்கும் படுகிறது. உன் மனதில் அது உண்மையாகத்தான் வந்திருக்கிறது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்தப் பலகையில் சாவடி பற்றி ஒரு சொல்லும் இல்லை. தமிழ் பேசும் ஒருவன் எங்கள் அம்மாக்களுக்கு வேண்டும் என்று அதில் எழுதியிருந்தால் நான் வேறு கடிதம் எழுதியிருப்பேன். உனக்கு என்ன வேலை, எங்கே நிறுத்துவார்கள், முடியாது என்று நீ சொல்லக்கூடிய இடம் எது, திரும்பி வர நினைத்தால் எந்தக் கதவு, எதுவும் இல்லை. பின்பக்கம் இல்லாத பைக்கட் அது. நேர்முகத்தில் இவற்றைக் கேள். எழுதித் தரச் சொல். கேட்டால் கோழை என்று நினைப்பார்களோ என்று உனக்குக் கூசும். அந்தக் கூச்சத்தை நம்பித்தான் மானம் என்ற சொல்லை அவ்வளவு பெரிதாக எழுதுகிறார்கள். அது எந்தக் கொடிக்குக் கீழே இருந்தாலும் சரி, நான் பார்த்தவரை எல்லாக் கொடிக்கும் கீழே இருந்தது.

உன்னை நான் மறிக்கமாட்டேன். மறித்து என்ன, மாடு அவிழ்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவனின் தங்கை நான். உனக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது, கையெழுத்து உன்னுடையது. ஒன்று மட்டும் கேட்கிறேன். நேர்முகத்துக்கு முந்திய சனிக்கிழமை வீட்டுக்கு வா. சின்னம்மாவுக்கு நான் இன்னும் சொல்லவில்லை, சொல்லவும்மாட்டேன். நீதான் சொல்லவேண்டும். அவர் உன்னைத் திட்டமாட்டார், அழமாட்டார், இத்தனை வருடத்தில் நான் அவரை அறிவேன். உன்னை இருத்திச் சோறு போட்டுவிட்டு, “உன்ன ஆரு மனே கூப்பிட்ட?” என்று கேட்பார். நாடு என்று சொல்லாதே, அவருக்கு அது போதாது. பலகை என்றும் சொல்லாதே. ஒரு மனிதனின் பெயரைச் சொல். நீ திரும்பி வராவிட்டால் இந்தக் கிழவி எந்த வாசலில் போய் நின்று யாரைக் கூப்பிடவேண்டும், யார் வெளியே வந்து பதில் சொல்வான், அவனுடைய பெயரை. அப்படி ஒரு பெயரை நீ விசாரித்துக் கொண்டுவந்தால், நான் உன்னோடு செங்கலடி வரைக்கும் பஸ்ஸில் வருவேன். பெயர் இல்லையென்றாலும் சனிக்கிழமை வா. அவருக்கு முன்னால் இருந்து, இல்லை சின்னம்மா, ஒருத்தரும் கூப்பிடவில்லை, நானாகத்தான் போகிறேன் என்று உன் வாயால் சொல்லிப் பார். அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு அதை உன்னால் சொல்லி முடிக்க முடிந்தால், அதற்குப் பிறகு நான் ஒன்றும் கேட்கமாட்டேன்.

அன்புடன்,
அம்மா